துரியோதனன் கட்சி அத்தை

எங்கள் காம்பவுண்டின் கடைசி வீட்டு அத்தை சினிமாக் கொட்டகையில் வேலை பார்த்தாள். பெண்கள் வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிற வேலை. எழுபதுகளில், திருவண்ணாமலையில், அதைவிடப் பெரிய உத்தியோகம் இருப்பதாக எங்களுக்குத் தெரியாது. எல்லாப் படமும் ஓசி. ஆனால் அத்தைக்கு சினிமா என்றால் வேப்பங்காய். "இன்னா படம் அத்தே? நல்லாருக்கா?" என்று ஓடிப்போய்க் கேட்டால், "கெட்டவன் செத்தான், லைட்டு போட்டாங்க, வந்துட்டேன்" என்பாள். எந்தப் படம் வந்தாலும் அவள் சொல்கிற கதை இதுதான்.

அத்தை என்று கூப்பிட்டோமே தவிர எங்களுக்கு அவள் ஒட்டுமில்லை உறவுமில்லை. தனியாக இருந்தாள். ஒற்றை நாடி உடம்பு, காலையில் வைத்த குங்குமம் சாயங்காலம் வரைக்கும் கலையாது, குரல் மட்டும் கரகரவென்று ஆம்பிளைக் குரல். கொட்டகையில் வரிசை கலைந்தால் அந்தக் குரலை ஒருமுறை உயர்த்துவாள். சண்டைக்கு வந்தவர்கள்கூட நேராக நின்றுவிடுவார்கள்.

சினிமாமேல் அவளுக்கிருந்த கோபத்துக்கு ஒரே ஒரு காரணம்தான். "ஒரு மனுசன் செத்துக் கெடக்கறான். அவனுக்குன்னு அழ ஒருத்தி வேணாமா? பொண்டாட்டி எங்க, ஆத்தாக்காரி எங்க? கூட இருந்த அடியாளுங்ககூட எட்டிப் பாக்கல. இந்த ஹீரோவும் ஹீரோயினும் சிரிச்சினு கார்ல ஏறிப் போயினே இருக்காங்க. இது இன்னா கதை?" என்பாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "கூத்துல அப்பிடி வுடமாட்டாங்க" என்று முடிப்பாள். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வரும். ஏதோ அந்தக் கூத்தை அவளே எழுதிக் கொடுத்த மாதிரி.

எந்த விஷயமானாலும் தோற்றவன் பக்கம்தான் அத்தை. அது என்ன பிறவிக் குணமோ. கோயில் குரங்கு எங்கள் வீட்டுக்குள் புகுந்து வாழைத்தாரை இழுத்துக்கொண்டு போனது. அம்மா குச்சியோடு துரத்தினாள். அத்தை வாசலில் நின்றுகொண்டு, "மலைல அதுக்கு இன்னா கெடைக்கலியோ, இவ்ளோ தூரம் எறங்கி வந்திருக்கு" என்றாள். அம்மா குச்சியைக் கீழே போட்டுவிட்டு அவளை முறைத்தாள்.

இன்னொரு நாள் பித்தளைக் குடம் திருடியவனைப் பிடித்து விளக்குக் கம்பத்தில் கட்டிவிட்டார்கள். தெருவே அவனைத் திட்டித் தீர்த்தது. அத்தை ஒரு சொம்புத் தண்ணீரோடு போய், அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, "ஏம்பா, பக்கத்துலயே பெரிய குடம் இருந்துச்சே, இந்தச் சின்னத எதுக்கு எடுத்த?" என்று கேட்டாள். அவனும் யோசித்து, "தூக்கினு ஓட முடியாதுக்கா" என்றான். அத்தை மெய்யாகவே ஒரு புது விஷயத்தைத் தெரிந்துகொண்டவளாகத் தலையாட்டினாள். கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். அப்புறம் எவனுக்கு அடிக்கக் கை வரும்?

எங்களுக்குப் பிடிக்காத ஒன்றும் அதில் இருந்தது. அத்தையை விட்டுவிட்டு ஆரணிப் பக்கம் வேறு குடும்பம் வைத்துக்கொண்ட அவள் புருஷனை யாராவது ஏசினாலும், "அவரு பக்கமும் ஏதாச்சும் இருக்கும்" என்பாள். "இவளுக்கு ரோஷமே கெடையாதா?" என்று அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் தட்டுவாள். எனக்கும் ஆத்திரமாக வரும். நம் கட்சிக்காரியே எதிர்க் கட்சிக்கு வாதாடினால் எப்படி இருக்கும்?

'இருக்கும்' என்பது அவளுடைய சொல். நாங்கள் எதைச் சொன்னாலும் சரி என்றும் சொல்லமாட்டாள், தப்பு என்றும் சொல்லமாட்டாள். "இருக்கும்" என்பாள்.

வெயில் காலத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலெல்லாம் கதை படிப்பார்கள், ராத்திரியில் கூத்தாடுவார்கள். கடைசி நாள் காலையில் படுகளம். அன்றைக்குத்தான் துரியோதனன் சாகிறான். ராத்திரிக் கூத்துக்கு எங்களை அனுப்பச் சொல்லி அத்தை எந்த வீட்டிலும் கேட்டதில்லை. "தூங்கி வழிஞ்சினு பாத்தா எதுவும் நிக்காது" என்பாள். படுகளத்துக்கு மட்டும் கொட்டகையில் லீவு சொல்லிவிட்டு, என்னையும் அண்ணனையும் பக்கத்து வீட்டுத் தையல்காரர் மகள் செல்வியையும் முதல் பஸ்ஸில் ஏற்றிக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போவாள். அப்பா, "படிக்கிற புள்ளைங்களுக்குக் கூத்து எதுக்கு?" என்பார். "லீவுதானே அண்ணே, வெயில்ல சுத்தறதுக்கு இது பரவால்ல" என்று அவள் சொன்னால் அப்பா பேப்பரை விரித்துக்கொள்வார்.

முதல் தடவை பார்த்ததை என்னால் மறக்க முடியாது. அறுவடை முடிந்த நிலத்தில் ஒரு ஆள் படுத்திருந்தான். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வருகிற ஆள். உடம்பு முழுக்க மண்ணால் செய்தது. மஞ்சளும் சிவப்பும் கறுப்பும் பூசியிருந்தார்கள். முறுக்கு மீசை, தலையில் கிரீடம், கையில் கதாயுதம். தொடைக்குள் ஒரு சட்டியைப் புதைத்து அதில் குங்குமத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். வேஷம் கட்டின பீமனும் துரியோதனனும் அந்த மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள், வசனம் பேசினார்கள், ஜனங்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

அத்தை எங்களுக்குக் கதை சொல்லவில்லை. அதற்கு அங்கே மைக் இருந்தது. அவள் கேள்விதான் கேட்டாள். "செத்துப் போறவனுக்கு ஏன் கண்ணத் தொறந்து வச்சிருக்காங்க?"

அண்ணன், "பீமன் வர்றானான்னு பாக்கறான்" என்றான். செல்வி, "மூடினா பயந்துட்டான்னு நெனப்பாங்க" என்றாள். நான், "அவனோட ஆளுங்க யாராச்சும் வராங்களான்னு பாக்கறான்" என்றேன்.

"இருக்கும்" என்றாள் அத்தை, மூன்றுக்கும் சேர்த்து.

பீமன் தொடையில் அடித்தான். சட்டி உடைந்தது, குங்குமத் தண்ணீர் மண்ணில் பரவியது. திரௌபதி வேஷக்காரர் அதைத் தொட்டுத் தலையில் தடவிக் கூந்தலை முடிந்தார். ஜனம் ஓவென்று கத்தியது. பக்கத்திலிருந்த பெண்கள் கையை நெரித்துச் சொடக்குப் போட்டு, "ஒழிஞ்சான் பாவி" என்றார்கள். நாங்களும் கத்தினோம். ஆட்டம் முடிந்துவிட்டது என்று நான் எழுந்து பாவாடையைத் தட்டினேன். அத்தை என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"இப்ப பாரு. இதுக்குத்தான் இட்டாந்தேன்."

துரியோதனனின் மனைவி வந்தாள். பெருந்திருவாள். ஒரு கையில் முறம், ஒரு கையில் துடைப்பம். வேஷம் கட்டினவருக்கு அரிதாரத்தை மீறி முள்முள்ளாகத் தாடி தெரிந்தது, தொண்டையில் முடிச்சு ஏறி இறங்கியது. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் மண் உடம்பின் தலைமாட்டில் உட்கார்ந்து முறத்தால் விசிற ஆரம்பித்தார். செத்தவனுக்கு வேர்க்குமா? விசிறிக்கொண்டே ஒப்பாரி வைத்தார். சற்று முன்னால் சொடக்குப் போட்ட அதே பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவர்கள் எந்தக் கட்சி? திரும்பி அத்தையைப் பார்த்தேன். அவள் கூத்தைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் ஊர்ப் பெண்கள் அந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். விதைநெல்லில் போட்டால் விளைச்சல் நன்றாக இருக்குமாம். "கெட்டவன் மண்ணு எப்பிடி நல்லது செய்யும்?" என்று நான் கேட்டேன். இந்தக் கேள்விக்கு அத்தை 'இருக்கும்' சொல்லவில்லை. "அதான் எனக்கும் தெரியல பாப்பா" என்றாள். பஸ்ஸில் வரும்போதும் அதையே யோசித்துக்கொண்டு வந்தோம், அவளும் நானும்.

அதற்கப்புறம் காம்பவுண்டில் வேறு விளையாட்டு கிடையாது. அத்தைக்குப் பாட்டு வராது. ஒப்பாரியின் முதல் அடியை நாங்கள் ஞாபகத்திலிருந்து இழுப்போம், அத்தை அவள் வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டே, "அடுத்த அடி இன்னா?" என்பாள். தெரியாத இடத்தில் நாங்களே போட்டு நிரப்புவோம். அடுத்த வருஷம் படுகளத்தில் போய்க் கேட்டு வைத்துக்கொண்டு, எங்கள் அடியா அவர்கள் அடியா எது தேவலாம் என்று பஸ்ஸில் பட்டிமன்றம் நடக்கும். எங்களுடையதே ஜெயித்ததும் உண்டு.

இதற்கெல்லாம் ஒரு எமன் இருந்தார். வீட்டுக்காரர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்தவர். தொப்பை, காதில் மயிர், தாடையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மச்சம். எங்கள் பந்து அவர் வீட்டு முற்றத்தில் விழுந்தால் திரும்பி வராது. கிணற்றில் வாளி மோதுகிற சத்தம் கேட்டால்கூட மாடியிலிருந்து கத்துவார். பொண்டாட்டி செத்த பிறகுதான் இப்படி ஆகிவிட்டார் என்று அம்மா சொல்வாள். அதற்கு முன்னாலும் இப்படித்தான் என்று அப்பா சொல்வார். ஒருநாள் எங்கள் பீமன், அண்ணன்தான், கர்ஜனை செய்தபோது அவர் இறங்கி வந்து, நேராக அத்தை வீட்டு வாசலில் நின்றார்.

"இந்தாம்மா, இன்னொரு வாட்டி இந்தக் கூத்துச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு, உன் சாமானெல்லாம் தெருவுல கெடக்கும். கொட்டாயில வேல செய்யறவளுக்கு வீடு குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "தனிப் பொம்பள, சினிமாக் கொட்டாய் வேல. இந்த ஊர்ல அவளுக்கு வேற எவன்டி வீடு குடுப்பான்? உங்க ஆட்டத்தால அவ தெருவுல நிக்கணுமா?" அப்படி ஒன்று நடக்கலாம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன் பிறகு நாங்கள் கூத்தைக் குசுகுசுவென்று ஆடினோம். பீமன் கிசுகிசுத்துக் கர்ஜித்தான். அத்தை மட்டும், "வீட்டுக்காரருக்கும் பாவம், மேல தனியா ஒக்காந்துனு இருந்தா சத்தம் ஜாஸ்தியாத்தான் கேக்கும்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது.

அந்த வருஷம் புதுப்படம் போட்டிருந்தார்கள். அத்தைக்கு லீவு கிடைக்கவில்லை. படுகளம் போகமுடியவில்லை. அதனால்தான் எங்களுக்கு அந்த யோசனை வந்தது. வீட்டுக்காரர் காலையில் மண்டிக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவார். கிணற்றடிக்குப் பின்னால் மண் குழைத்தோம். தலை, வயிறு, கை, கால். செங்கல் தூள் சிவப்பு, கரி கறுப்பு, அம்மாவுக்குத் தெரியாமல் கொஞ்சம் மஞ்சள். தொடையில் ஒரு கொட்டாங்குச்சி வைத்துக் குங்குமத் தண்ணீர் ஊற்றினோம். வயிறு தானாகவே பெரிதாக வந்துவிட்டது. கிரீடம் எங்களுக்கு நிற்கவில்லை, விழுந்துகொண்டே இருந்தது, விட்டுவிட்டோம். காதில் தேங்காய் நாரை யாரோ செருகினார்கள். தாடையில் ஒரு புளியங்கொட்டை வந்து உட்கார்ந்திருந்தது. யார் வைத்தது என்று மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டினோம். இன்றுவரைக்கும் அப்படித்தான் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

மதிய ஆட்டத்துக்கு ஆளை உள்ளே அனுப்பிவிட்டு, டீ குடிக்கிற நேரத்தில் அத்தை வீட்டுக்கு வந்தாள். எங்களைப் பார்த்தாள். மண்ணில் கிடந்தவனைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்புறம் முகம் மாறிவிட்டது. "அடப்பாவிங்களா, கலைச்சுடுங்கடா. அவரு பாத்தா என் கதி இன்னா?" என்றாள்.

"அடிச்சாச்சு அத்தே" என்றான் அண்ணன். தொடை உடைந்து சிவப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அத்தை குந்தி உட்கார்ந்தாள். "அடிச்சுட்டீங்களா? அப்ப அழாம கலைக்கக் கூடாது. சீக்கிரம் ஆவட்டும்" என்று சொல்லி, உள்ளே போய் அவளே முறத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

அம்மாவின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு நான் தலைமாட்டில் உட்கார்ந்தேன். முதல் அடி வாயில் வரும்போதே வெளிக்கேட்டில் வீட்டுக்காரரின் சைக்கிள் மணி அடித்தது. ஊரில் யார் சைக்கிளுக்கும் அப்படி மணி கிடையாது. அன்றைக்கு லாரி வரவில்லை என்று மண்டியைச் சீக்கிரம் சாத்திவிட்டாராம், அது பிறகு தெரிந்தது. செல்வி கிணற்றுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அண்ணன் ஒரு காலைத் தூக்கிவிட்டான். "கலைச்சிடறேன் அத்தே! ஒரு மிதி போதும்!"

அத்தை கேட்டைப் பார்த்தாள். அவள் வீட்டு வாசலைப் பார்த்தாள். கொடியில் அவளுடைய வெளுத்த சேலை காய்ந்துகொண்டிருந்தது. "கால எட்றா" என்றாள். "இன்னும் யாரும் அழல."

வீட்டுக்காரர் வந்து நின்றார். சைக்கிளை ஸ்டாண்டு போடவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பார்த்தார். காதைப் பார்த்தார். குனிந்து தாடையைப் பார்த்தார்.

"யாரு இது?"

"துரியோதனன்ங்க" என்றாள் அத்தை.

"துரியோதனனுக்குத் தாடையில மச்சம் இருந்துச்சா?"

அத்தையும் குனிந்து தாடையைப் பார்த்தாள். "இருக்கும்ங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் என் கையிலிருந்த முறத்தைப் பார்த்தார். "இவ எதுக்கு இங்க ஒக்காந்திருக்கா?"

"அவன் பொண்டாட்டிங்க. கெட்டவனோ நல்லவனோ, அவ வந்து அழணும். அழுதாத்தான் முடியும்."

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தார். பிறகு, "அழச் சொல்லு" என்றார்.

அவர் முன்னால் குரல் எப்படி எழும்? அத்தை என் பக்கத்தில் வந்து குந்தி, வழக்கம்போல, "மொத அடி இன்னா?" என்றாள். நான் விசிறிக்கொண்டே ஆரம்பித்தேன்.

*நூறு பேரு கூடப் பொறந்தும், என் ராசா,*
*நோவெடுத்தா கேக்க யாருமில்ல.*
*ஊரு பூரா உன்ன ஏசும், என் ராசா,*
*ஒறங்கு நீ, நான் விசிறி நிப்பேன்.*

முதல் இரண்டும் படுகளத்தில் கேட்டது. பின்னால் வருவது எங்கள் சொந்தச் சரக்கு. பாடப் பாட பயம் போய்விட்டது. யாருக்காக அழுகிறேன் என்பதும் கலங்கிப்போய், மெய்யாகவே அழுதேன். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேர்வையா என்னவோ. எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அத்தை சாயங்கால ஆட்டத்துக்குப் போவதற்கு முன்னால் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் வீட்டுக்காரர் இறங்கி வந்தபோது காம்பவுண்டே வாசலில் நின்றது. கிணற்றடிக்குப் போனார். மண் உருவம் வெயிலில் வெடித்துக் கிடந்தது. குனிந்து அந்தப் புளியங்கொட்டையைப் பிடுங்கி, தாடையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றி வைத்து அழுத்தினார்.

"எடது பக்கம்" என்றார் அத்தையிடம். "அடுத்த வருஷம் கெணத்தடி மண்ண எடுக்காதீங்க, செவுரு எறங்கிடும். வண்டில ஏரி மண்ணு போடச் சொல்றேன்."

சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களை அடுக்கி வைக்க நாங்கள் மூன்று பேரும் போனோம். அத்தை ஒரு சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "பாத்தியா, அவரு பக்கமும் இருந்துச்சு" என்றாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவள் 'இருந்துச்சு' என்று சொல்லி நான் கேட்டது அப்போதுதான்.

கல்யாணமாகி நான் வந்தவாசிக்குப் போய்விட்டேன். அம்மா அப்பாவும் சொந்த வீடு கட்டி வேங்கிக்கால் பக்கம் போனார்கள். காம்பவுண்டோடு இருந்த தொடர்பு விட்டுப்போயிற்று. எண்பதுகளின் கடைசியில், லீவுக்கு வந்திருந்தபோது, என் மகளை அதே கொட்டகைக்கு மதிய ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெண்கள் வாசலில் யாரோ ஒரு பையன் டிக்கெட் கிழித்தான். அத்தை வேலையை விட்டு நின்றுவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவேண்டும் என்று தோன்றியது, கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

படத்தில் வழக்கம்போல எல்லாம் நடந்தது. கெட்டவன் உயரத்திலிருந்து விழுந்து செத்தான். கொட்டகையே விசில் அடித்தது. அதற்கு முந்தின வெயில் காலத்தில்தான் இவளைப் படுகளத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். அங்கே பொரி வாங்கித் தரச் சொல்லி அடம்பிடித்தாளே தவிர எதையும் பார்த்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. இப்போது அவள் பெஞ்சின்மேல் ஏறி நின்றாள்.

"அம்மா, இவனுக்கு அழ யாரும் வரலியா?"

விசிலெல்லாம் ஓய்ந்த நேரம் பார்த்துக் கேட்டுவிட்டாள். முன் வரிசையில் தலைகள் திரும்பின, சிரித்தார்கள். நான் அவளை இழுத்து உட்கார வைக்கப் பார்த்தேன். அதற்குள் ஆட்டம் முடியப்போகிறது என்று வாசல் திரையை யாரோ விலக்கினார்கள். வெளிவெளிச்சத்தில் ஒற்றை நாடியாக ஒரு உருவம் நின்றது. அதற்கு இருட்டுக்குள் எங்களைத் தெரிந்திருக்காது.

"யாரு வூட்டுக் கொழந்த அது?" என்று அந்தக் கரகரத்த குரல் கேட்டது.

மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்து நடந்தேன்.

"நம்ம வூட்டுக் கொழந்ததான், அத்தே."